மதிப்பீட்டாளர் வந்த நாளில் சவுனா மூட்டியது தொடர்பாக

தண்டர் பே, ஒன்டாரியோ
அக்டோபர் 18, சனிக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. தௌனோ கிவெலா அவர்களுக்கு,

ஹ்யூ ரென்விக் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்குவதே முறை. இவ்விடம் ஒருவர் நலமாக இல்லை. அவர் யார் என்பது கடிதத்தின் போக்கில் புலப்படும். தங்கள் உடல்நலம் சிறப்பாகவே இருக்கும் என்று கருதுகிறேன். அறுபத்து மூன்று வயதில் ஓர் இரும்பு அடுப்பை ஒற்றை ஆளாகப் பெயர்த்து வண்டியில் ஏற்றக்கூடியவரின் நலம் குறித்துக் கவலைப்பட எனக்கு உரிமை இல்லை.

நீண்ட வாக்கியங்களை நீங்கள் விரும்புவதில்லை. ஆகவே என் முறையீடுகளை முதலில் எண்ணிட்டுத் தேதியிட்டுத் தருகிறேன்.

1. ஜூலை 6, ஞாயிறு: வீட்டுக்கடன் புதுப்பிப்பைப் பற்றிக் குடும்பத்தைக் கூட்டி நான் விரிவாக விளக்கியபின், கருத்துக் கேட்டதற்கு, "காபி ஆறுது" என்று சொன்னது.

2. ஆகஸ்ட் 16, சனி: நிலவறைச் சுவரின் விரிசலை அடைக்க மறுத்தது. மறுத்ததோடு நில்லாமல், அதற்கென்று நான் வாங்கி வைத்திருந்த சிமெண்டை, பின்கட்டில் நீங்கள் எழுப்பிய சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் வாசற்படிக்குப் பூசியது.

3. செப்டம்பர் 11, வியாழன்: நம் வீட்டை மதிப்பிட வந்த அலுவலருக்கு சவுனா மூட்டியது.

4. அதே நாள்: அவரை ஆடை களையச் செய்தது.

5. அதே நாள்: சிரித்தது.

6. செப்டம்பர் 26, வெள்ளி: காப்பீட்டு ஆய்வாளர் அடுப்பின் முத்திரைத் தகடு எங்கே என்று கேட்டபோது உங்களையே காட்டியது.

7. அக்டோபர் 7, செவ்வாய்: வீட்டில் யாரும் இல்லாத வேளையில் வந்து அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனது, புகைக்குழாய் இருந்த இடத்தில் கூரையில் ஓட்டையை விட்டுச் சென்றது, அன்று மாலையே மழை பெய்தது. மழைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

8. அக்டோபர் 13, திங்கள்: நன்றிநாள் விருந்துக்கு வராதது. உங்கள் தங்கை ஐலா உங்களுக்குத் தட்டு வைத்திருந்தாள். அந்த வான்கோழியை வெள்ளிக்கிழமை வரை நான் தின்றேன்.

9. அக்டோபர் 11, அக்டோபர் 18, சனிக்கிழமைகள்: வராதது.

இனி விளக்கம். நீங்கள் வாழ்நாளில் யாரிடமும் கடன்பட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை, அதுதான் கூடுதல் எரிச்சல். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். இந்த நாட்டில் வீட்டுக்கடன் இருபத்தைந்து ஆண்டுக்கு என்று கொடுத்தாலும், வட்டி ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஐந்தாண்டு முடிந்ததும் புதிய வட்டிக்கு ஒப்பமிட வேண்டும். நாம் ஒப்பமிடாவிட்டால் வங்கி தன் விருப்பத்துக்குத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சென்றமுறை நாங்கள் புதுப்பித்தபோது வட்டி தரையோடு தரையாகக் கிடந்தது. இம்முறை வந்த கடிதத்தில், "எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளராகிய தங்களுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்பு விகிதம்" என்று எழுதி ஒரு விகிதம் குறித்திருந்தார்கள். அதே வங்கியின் கண்ணாடிக் கதவில், யார் பெற்ற பிள்ளையோ புதிதாக உள்ளே நுழைந்தால் அவனுக்குத் தருவதாக ஒட்டியிருந்த விகிதம் அதைவிடக் குறைவு. இருபது ஆண்டுகளாக ஒரு தவணையும் தவறாதவனுக்கு அவர்கள் வழங்கும் சிறப்பு இது. அந்த விகிதத்தில் எங்கள் மாதத் தவணை மூன்றில் ஒரு பங்கு கூடும். இதற்கிடையில் ஜூன் மாதம் காகித ஆலை ஒரு பிரிவை மூடியது. ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளனாகிய என் வேலை வாரம் நான்கு நாளாகச் சுருங்கியது. நம்மூர்க் கூட்டுறவு வங்கி குறைந்த வட்டிக்கு, ஆண்டுகளையும் சற்று நீட்டி, கடனை ஏற்க முன்வந்தது. நவம்பர் முதல் தேதிக்குள் கடனை அங்கே மாற்றிவிட்டால் வீடு நிற்கும். மாற்றாவிட்டால், வசந்தம் வந்ததும் வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நிற்கும். இவ்வளவையும் நான் ஜூலை 6 அன்று உணவு மேசையில், வரைபடத்துடன், பென்சிலால் கோடு போட்டுக் காட்டி விளக்கினேன்.

"மச்சான், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

நீங்கள் வரைபடத்தைப் பார்த்தீர்கள். ஜன்னலைப் பார்த்தீர்கள். "காபி ஆறுது," என்றீர்கள்.

"அண்ணன் சொல்றது சரிதான்," என்றாள் உங்கள் தங்கை. "எடுத்துக் குடிங்க. அதுக்குள்ள வட்டி ஒண்ணும் ஏறிடாது."

ஏறியது. அந்த வாரமே ஏறியது. ஆனால் அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. நான் நியாயம் தவறாதவன்.

வங்கி மாற வேண்டுமானால் வீட்டை மதிப்பிட ஆள் அனுப்புவார்கள். ஆகவே ஆகஸ்ட் முழுவதும் நான் வீட்டைத் தயார் செய்தேன். முன்கதவுக்கு வண்ணம் அடித்தேன், குளியலறைத் தரையின் இடுக்குகளைப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தேன், சமையலறைக் கதவின் கைப்பிடிகளை மாற்றினேன், மாற்றியவை கோணலாக நின்றதால் பழையவற்றையே மீண்டும் பொருத்தினேன். உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. நிலவறையில், சிறிய ஜன்னலுள்ள அந்த அறையின் சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு விரிசல் ஓடுகிறது. கொத்து வேலை தெரிந்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவரே. சிமெண்ட், கரண்டி, தட்டு எல்லாவற்றையும் அங்கே வரிசையாக வைத்துவிட்டு உங்களை அழைத்துப் போய்க் காட்டினேன். நீங்கள் விரிசலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தீர்கள்.

"அப்படியே விடு மாப்பிள."

"ஏன் மச்சான்?"

"இங்க யாரு படுக்கப் போறா?"

"யாரும் படுக்க வேணாம். வர்ற ஆளு பாத்தா மதிப்பக் குறைச்சுடுவான்."

"முன்னால ஒரு அலமாரிய நகர்த்தி வெய்யி," என்று சொல்லிவிட்டு, சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கைபட்டதால் அந்த சவுனாவின் வாசற்படி இன்று இந்தத் தெருவிலேயே உறுதியான கட்டுமானமாக நிற்கிறது. நிலவறைச் சுவரில் அலமாரி நிற்கிறது.

இப்போது செப்டம்பர் 11க்கு வருகிறேன். நிதானமாக எழுத முயல்கிறேன்.

மதிப்பீட்டாளர் லைல் ப்ரொக்டர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. முப்பது வயதிருக்கும், தெற்கேயிருந்து இவ்வூருக்கு மாறிவந்து மூன்று மாதமே ஆனவர். நான் விடுப்பு எடுத்திருந்தேன். புல்லை வெட்டினேன். குப்பைத் தொட்டியை வேலிக்கு இணையாக நிறுத்தினேன். ஐலாவை ஏலக்காய் ரொட்டி சுடச் சொன்னேன், ஏனென்றால் வீட்டில் ரொட்டி மணம் வீசினால் மதிப்பு கூடித் தோன்றும் என்று ஒரு வார இதழில் படித்திருந்தேன். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு வாசல்வரை வந்தது ரொட்டி மணம் அல்ல, புகை மணம். பின்கட்டுக்கு ஓடினேன். சவுனாவின் குழாயிலிருந்து, ஆலையின் புகைபோக்கி வெட்கப்படும் அளவுக்குப் புகை போய்க்கொண்டிருந்தது. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, சவுனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மரக் கிளைகளை ஒன்றுசேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன மச்சான் இது?"

"சவுனா."

"அது தெரியுது. இன்னிக்கி வியாழக்கிழமை."

"ஆமா."

"யாருக்கு?"

"வர்ற ஆளுக்கு."

"அவன் வீட்ட அளக்க வர்றான் மச்சான். குளிக்க வரல!"

நீங்கள் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டீர்கள். "நம்ம வீட்டப் பத்தி முடிவு சொல்லப் போறவன். அவன வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பறதா?"

உங்கள் ஆட்களின் வழக்கம் நான் அறியாததல்ல. சம்பந்தம் பேசினாலும் சவுனா, துக்கம் விசாரித்தாலும் சவுனா, ரயில்வேயில் வேலைநிறுத்தம் முடிந்தாலும் எதிரெதிர் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே பலகையில் ஏறி உட்கார்ந்து சவுனா. என் திருமணத்துக்கு முந்தைய மாலை என்னையும் உச்சிப் பலகையில் ஏற்றி உட்காரவைத்துக் கற்கள்மீது நீரை வாளி வாளியாக ஊற்றினீர்கள். நான் மயங்கிச் சரிந்ததைச் சம்மதத் தலையசைப்பு என்று எடுத்துக்கொண்டு தங்கையைக் கொடுத்தீர்கள். அதையெல்லாம் நான் எதிர்த்ததில்லை. 2007இல் நான் ஒரு வாரம் மாநாட்டுக்குச் சென்று திரும்பியபோது, என் தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு சவுனா எழுந்து நின்று புகைந்துகொண்டிருந்தது. அன்றும் நான் எதிர்க்கவில்லை, துண்டு எங்கே என்றுதான் கேட்டேன். ஆனால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சம்பந்தி அல்லர். இதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைல் ப்ரொக்டர் அளவுக்கருவியோடு வேலியோரம் வந்து நின்றுவிட்டார்.

"வணக்கம் சார். எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"இங்கேர்ந்து," என்றீர்கள். "சட்டைய அந்த ஆணியில மாட்டு தம்பி."

"சார்?"

"காலுறையும்."

"இல்ல சார், எனக்குப் பதினொன்றரைக்கு இன்னொரு வீடு இருக்கு..."

"அது எங்கயும் ஓடாது."

நான் குறுக்கிட்டேன். "திரு. ப்ரொக்டர், நீங்க தயவுசெஞ்சு வீட்டுக்குள்ள வாங்க. இவரு என் மனைவியோட அண்ணன், விளையாட்டுக்குச் சொல்றாரு."

அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் தென்படவில்லை என்பதை மூன்றுமாத அனுபவத்திலேயே கண்டுகொண்டார். சட்டையைக் கழற்றினார்.

நீங்கள் இருவரும் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் வெளியே ஒருவருடைய காற்சட்டையையும் அளவுக்கருவியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் படிப்பு, என் வயது, இந்த வீட்டுக்கு நான் கட்டிய தவணைகள், எல்லாம் சேர்ந்து என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அது. உள்ளே கல்லில் நீர் சீறியது. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று அவருடையது. இன்னொன்று தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது.

ஐலா ரொட்டித் தட்டோடு வந்தாள். "அது யாரு சிரிக்கறது?" என்று கேட்டேன்.

"அண்ணன்."

"அவருக்குச் சிரிக்க வருமா?"

"சின்ன வயசுல சிரிக்கும்," என்றாள். "நீங்க ஏன் அந்தாளு காற்சட்டைய மடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

இருபத்தாறு ஆண்டுகளாக, சனிக்கிழமை தவறாமல், நான் உங்கள் பக்கத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் நீங்கள் பேசியவற்றைத் தொகுத்தால் "தண்ணி ஊத்து", "கதவ மூடு" என்ற இரண்டு நூல்கள் தேறும். தெற்கேயிருந்து வந்த அந்நியன் ஒருவனிடம், அதுவும் வியாழக்கிழமை, என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லப்படவில்லை. ஐந்தாம் முறையீடு இதுதான்.

வெளியே வந்த ப்ரொக்டர் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டே நான்கு ரொட்டி தின்றார். சுட்ட தொத்திறைச்சியைக் கடுகுச்சாறு தோய்த்துத் தின்றார். "இந்த மாதிரி அடுப்ப நான் எங்கயும் பாத்ததில்ல சார். எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

"நான்தான் கம்பெனி," என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரயில்வே யார்டுல கெடந்த எண்ணெய்ப் பீப்பா. வெட்டி நானே பத்த வெச்சேன். கதவுக்குக் கூட எஞ்சின் தகடு," என்று என் முன்னிலையில், என் வாழ்நாளில் நான் கேட்டிராத சொற்பெருக்கோடு, எடுத்துரைத்தீர்கள். அவர் அதை எழுதிக்கொண்டார். புகைப்படமும் எடுத்துக்கொண்டார். பிறகு, ஈரத் தலையோடு, வீட்டின் பிற பகுதிகளை நாற்பது எட்டில் அளந்து முடித்தார். நிலவறைக்கு இறங்கவே இல்லை. அந்த அலமாரியை நகர்த்தியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் விடவில்லை என்பதை இங்கே குறிப்பிடுகிறேன்.

அவர் எழுதிய அறிக்கையில் நம் வீட்டின் மதிப்பு நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறிக்கையில் சவுனாவுக்கென்று தனிப் பத்தி ஒன்றும், அதன்கீழ் உங்கள் புகைப்படமும் இருந்தன; துண்டோடு, அடுப்பின்மேல் கை வைத்துக்கொண்டு, ராணுவத் தளபதி போல நிற்கிறீர்கள். "உரிமையாளரின் மைத்துனர் பழைய பீப்பாயிலிருந்து கைப்படச் செய்த, அபாரமான வெப்பம் தரும் விறகடுப்பு." கூட்டுறவு வங்கி அதைப் படித்ததும், இந்த அடுப்புக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டது. காப்பீட்டு நிறுவனமோ, எந்த அடுப்பு என்று கேட்டது. வீட்டுக்குக் காப்பீடு இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஏரிக்கரைக் குடிலைத் தவிர, உங்கள் வாழ்க்கையில் தீப்பிடிக்கக்கூடிய பொருள் எதுவும் உங்களுடையதாக இருந்ததில்லை.

ஆய்வாளர் வந்தார். கைவிளக்கோடு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நீங்கள் சுவரில் சாய்ந்து நின்றீர்கள்.

"முத்திரைத் தகடு எங்கங்க?"

"எதுக்கு?"

"யாரு செஞ்சது, எந்தத் தரத்துக்குச் செஞ்சதுன்னு அதுலதான் இருக்கும். தகடு இல்லாம நான் எப்படிச் சான்று தர்றது?"

"யாரு செஞ்சதுன்னு கேக்குறியா? நான்தான். நான் இங்கதான நிக்குறேன். என்னையப் பாத்துக்க."

"உங்கள அடுப்புமேல அறைஞ்சு வெக்க முடியாதுங்களே ஐயா."

ஐலா சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருக்கலாம்; ஆனால் அப்போது என் மனக்கண்ணில் விற்பனைப் பலகை நின்றது. அந்த நல்ல மனிதர் போகும்போது, விறகு வேண்டாம், தரமுத்திரை உள்ள மின்சார அடுப்பு வைத்தால் போதும், காப்பீடு தடையில்லாமல் கிடைக்கும் என்று வழியும் சொன்னார். நீங்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது சவுனா இல்ல. ரொட்டி வாட்டுற மெஷினு," என்று சுவரிடம் சொன்னீர்கள். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அடுப்பு அகற்றப்படாவிட்டால் காப்பீடு ரத்து என்று எழுத்துமூலம் வந்தது. நான் அதைச் சுருக்கி, மரியாதையான மொழியில் ஓர் அறிவிப்பாக எழுதி, சவுனாவின் கதவில் ஒட்டினேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று ஐலா கேட்டாள். நேரில் சொன்னால் "காபி ஆறுது" என்பீர்கள் என்று நான் பதில் சொன்னேன்.

அக்டோபர் 7 அன்று ஆலையிலிருந்து திரும்பிவந்தபோது அடுப்பு இல்லை. கற்கள் மட்டும் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் துடைத்து, பெரியவை கீழே, சிறியவை மேலே. கூரையில் வட்டமாக வானம் தெரிந்தது. என் அறிவிப்பு கதவில் அப்படியே இருந்தது. நான் கேட்டதும் அதைத்தானே என்று நீங்கள் வாதிடக்கூடும். கேட்டேன். ஆனால் கேட்டதைச் செய்துவிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் அப்படியொன்று நடந்ததில்லை. அன்றே நீங்கள் அடுப்போடு உங்கள் ஏரிக்குடிலுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்றிலிருந்து ஊருக்குள் உள்ள உங்கள் வாடகை ஃபிளாட்டின் ஜன்னலில் விளக்கு இல்லை. அவ்வழியாகத்தான் கடைக்குப் போகவேண்டியிருப்பதால் கவனிக்க நேர்ந்தது. வேறு காரணம் இல்லை.

காப்பீடு பிழைத்தது. அதோடு முடிந்திருந்தால் இக்கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது; உங்கள் முகத்தில் விழிக்காமல் சனிக்கிழமை மாலைகளை நான் நிம்மதியாகக் கழித்திருப்பேன். ஆனால் சென்ற செவ்வாயன்று கூட்டுறவு வங்கியின் கடன் அலுவலர் அழைத்தார். இனிமையான குரல், அந்தக் குரலில் நல்ல செய்தி எதுவும் வந்ததில்லை. "எல்லாம் சரியா இருக்கு சார். வீடு சரி, காப்பீடு சரி. நாலு நாள் வேலைக்கு உங்க வருமானம் மட்டும் கொஞ்சம் இடிக்குது. யாராவது ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. சொந்தத்துல கடன் இல்லாத ஆளு யாராவது இருக்காங்களா?"

சொந்தத்தில் கடன் இல்லாத ஆள். தங்கள் குடும்பத்திலும் என் குடும்பத்திலும் உள்ள அனைவரையும் மனத்தால் வரிசையில் நிறுத்தினேன். என் தம்பிக்கு மூன்று வண்டிக் கடன். மற்றவர்களைப் பற்றி எழுதாமல் இருப்பதே நாகரிகம். ரயில்வே ஓய்வூதியம் ஒழுங்காக வருகிற, யாருக்கும் எதுவும் தரவேண்டியிராத, ஒரே ஒருவர் மிஞ்சினார். அவர் இரும்பு அடுப்பும் தானுமாக, தொலைபேசி எட்டாத ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே மேற்கண்ட ஒன்பது முறையீடுகளையும் முழுமையாக நிலைநிறுத்திக்கொண்டே, அவற்றில் எதையும் கைவிடாமல், உங்களிடம் கீழ்க்காண்பதைக் கோருகிறேன்: இத்துடன் இணைத்துள்ள ஜாமீன் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒப்பமிட்டுத் தரவேண்டும். இது உதவி அல்ல. செப்டம்பர் 11 முதல் நீங்கள் விளைவித்த தாமதத்துக்கான ஈடு. அப்படித்தான் நான் இதைக் கருதுகிறேன். நீங்களும் அப்படியே கருதவேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை.

உங்கள் குடிலுக்கு முகவரியே கிடையாது என்று அஞ்சலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். நாளை ஐலா அந்தப் பக்கம் போகிறாளாம். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், பதில் எழுத்தில், உங்கள் கைப்பட, அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என்னிடம் வந்துசேர வேண்டும்.

குளிர் தொடங்கிவிட்டது. குடிலில் போதிய போர்வை இருக்குமென நம்புகிறேன். தங்களுக்கு நீண்ட ஆயுளும், உலர்ந்த விறகும், நல்ல உறக்கமும் வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
என்றும் பொறுமை இழக்காத,
ஹ்யூ ரென்விக்

பின்குறிப்பு, ஞாயிறு மாலை: ஐலா இக்கடிதத்தை எடுத்துச் செல்லவில்லை. அவள் திரும்பிவந்து காரிலிருந்து இறங்கியபோது, கடிதம் காபிக் குடுவைக்கு அடியில் இருப்பதைக் கண்டேன். வேண்டுமென்றே விட்டுச் சென்றாளா என்று கேட்டேன்.

"ஆமா. படிச்சேன். ஒம்பது குத்தம் சொல்லிட்டு ஒரு கையெழுத்துக் கேட்டா யாருங்க போடுவா?" என்றாள்.

"அப்ப நீ போய்க் கேட்டியா?"

"கேட்டேன். போட மாட்டேன்னுருச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். வசந்தம், விற்பனைப் பலகை, எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துபோயின. அப்போது அவள் நீங்கள் சொன்னதாகச் சொன்னதை, திரித்துவிடக்கூடாது என்பதற்காக அப்படியே தருகிறேன். "நான் கையெழுத்துப் போட்டா அவன் ஆயுசுக்கும் நன்றியோட என்னையப் பாத்துக்கிட்டு நிப்பான். அது எனக்கு வேணாம். அந்தக் கீழ் ரூம எனக்கு வாடகைக்குக் குடுக்கச் சொல்லு. ஃபிளாட்டுக்குக் குடுக்கறத அவனுக்குக் குடுத்துர்றேன். அப்ப அவன் பாட்டுக்கு என்னையத் திட்டிக்கிட்டே இருக்கலாம்."

இவ்வளவு நீளமாக நீங்கள் பேசினீர்கள் என்பதை நான் நம்பவில்லை. ஐலா தன் தாய்மீது சத்தியம் செய்தாள். வாடகை வந்தால் ஜாமீன் தேவையில்லை, வருமானத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கடன் அலுவலரிடம் அவள் வெள்ளிக்கிழமையே கேட்டுவைத்திருக்கிறாள். நான் நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் வீடு வாடகைக்குப் போய்விட்டது.

"இன்னொண்ணு," என்றாள். "அண்ணன் கரண்ட் அடுப்பு வாங்கிருச்சு. தகடெல்லாம் ஒட்டினது, பளபளன்னு. வண்டியில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு, வழியில யாரும் பாத்துறக் கூடாதுன்னு."

புதன்கிழமை பெட்டிகளோடு வருகிறீர்கள் என்று அறிகிறேன். அலமாரியை நகர்த்தி இடம் செய்துவிட்டேன். இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. அதைப் பத்தாவது முறையீடாகச் சேர்த்துக்கொள்ளவும். இக்கடிதத்தை உங்கள் தலையணைமீது வைக்கிறேன். ஜாமீன் தாளை எடுத்துவிட்டேன். முறையீடுகள் எதையும் திரும்பப் பெறவில்லை.

பதிலுக்கான கெடுவும் மாறவில்லை: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, எழுத்தில், உங்கள் கைப்பட. நிலவறைப் படிக்கட்டின் மேற்படியில் வைத்தால் போதும். தலைமாட்டில் ஓர் ஆள் உயரத்துக்கு ஓடுகிற அந்த விரிசலை யார் அடைப்பது என்பதை அதில் தெளிவாகக் குறிப்பிடவும்.